கீலர் எப்படி வறண்டது?

அன்புள்ள ஐயா,

கலிபோர்னியாவில் கீலர் என்ற ஏரிக்கரை ஊரைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். இடிந்த வீடுகள், எதிரே கண்ணுக்கெட்டும் வரை உப்புத்தரை. வெள்ளி தீர்ந்தது, ஏரி வற்றியது, பாலைவனம் ஊரை விழுங்கிவிட்டது என்று முடித்திருந்தார்கள். சுரங்க ஊர்களின் விதியே இதுதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வெள்ளி தீர்ந்தது உண்மை. ஆனால் கீலரின் எதிரே இருந்த ஓவன்ஸ் ஏரி தானாக வற்றவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

1860களில் ஏரிக்கு மேலே செரோ கோர்டோ மலையில் வெள்ளியும் ஈயமும் கிடைத்தன. உருக்கிய பாளங்களை வண்டியில் ஏற்றி ஏரியைச் சுற்றிப் போக நாட்கணக்கில் ஆகும். 1872-ல் 'பெஸ்ஸி பிரேடி' என்ற நீராவிப் படகு வந்ததும் சில மணி நேரத்தில் சரக்கு அக்கரை சேர்ந்தது. அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோக வண்டிகள் போதவில்லை. மலைபோல் குவிந்த பாளங்களையே அடுக்கிச் சுவராக்கி, மேலே துணியைப் போர்த்தி ஆட்கள் உள்ளே படுத்துக்கொண்டார்களாம்! அந்த வெள்ளி வணிகத்தில் வளர்ந்த ஊர்தான் லாஸ் ஏஞ்சல்ஸ். அதே ஆண்டு நிலநடுக்கத்தில் பக்கத்து ஸ்வான்சீயின் படகுத்துறை கெட்டுப்போக, துறை கீலருக்கு மாறியது. 1883-ல் ரயிலும் வந்தது. வெள்ளி குறைந்த பிறகும் ஏரியின் சோடா உப்பை எடுத்து ஊர் பிழைத்தது.

ஏரிக்கு நீர் தந்த ஓவன்ஸ் ஆற்றிலிருந்து பள்ளத்தாக்கு விவசாயிகள் பாசனத்துக்கு எடுத்ததில் நீர்மட்டம் முன்பே இறங்கியிருந்தது. ஆனால் 1913-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் 233 மைல் நீளக் கால்வாய் வெட்டி அந்த ஆற்றையே திருப்பிக்கொண்டது. 1920களுக்குள் ஏரி வெறும் தரை. அந்தத் தரையில் குளிர்காலத்தில் ஈரம் மேலேறி, உப்பு மாவுபோலப் பொரிந்து நிற்கும். காற்று கிளம்பினால் ஆர்சனிக் கலந்த நுண்தூசியாகக் கீலருக்குள் வந்து நெஞ்சுக்குள் போகும். நெடுங்காலம் அமெரிக்காவிலேயே மிக மோசமான தூசி இங்கேதான். சட்டப் போராட்டத்துக்குப் பிறகுதான் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2001 முதல் தரையில் நீரைப் பரப்பியும் சரளை கொட்டியும் தூசியை அடக்குகிறது. நீர் வந்த இடங்களில் உப்பு ஈக்களும் அவற்றைத் தின்ன உள்ளான் பறவைகளும் திரும்பின. 2010 கணக்கெடுப்பில் கீலரில் 66 பேர் இருந்தார்கள். ஆள் வாழும் ஊரைப் பாலைவனம் விழுங்கிவிட்டது என்று சொல்லாதீர்கள்.

வரலாற்றை வெள்ளியிலிருந்து தொடங்குவதும் தவறு. இந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான பையூட் மக்கள் இந்த ஏரியை அழைக்கும் பெயர் பட்சியாட்டா. வெள்ளி கிடைப்பதற்கு முன்பே வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்தவர்கள் அவர்கள். 1863-ல் ராணுவம் அவர்களில் ஏறக்குறைய ஆயிரம் பேரை டெஜோன் கோட்டைக்கு நடத்திச் சென்றது. பலர் தப்பித் திரும்பிவந்தார்கள். அவர்களுடைய வாரிசுகள் பள்ளத்தாக்கின் தண்ணீர் உரிமைக்காக இன்றும் லாஸ் ஏஞ்சல்ஸோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள்.