முதல் பாகம் பார்க்காமல் இரண்டாம் பாகத்தை நேராகத் தியேட்டரில் பார்த்தால் புரியுமா?

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. நண்பர்கள் மொத்தமாக டிக்கெட் போட்டுவிட்டார்கள். ஏதோ ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆக்‌ஷன் படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகம் நீங்கள் பார்த்ததில்லை. "ஃபர்ஸ்ட் பார்ட்டே பார்க்காம நீ எதுக்குடா வர்றே?" என்று எவனோ ஒருவன் கேட்டிருக்கிறான். அப்படியெல்லாம் இல்லை, சும்மா கேட்டேன் என்றாலும் சரி. எனக்கு அந்த எவனோ ஒருவன் வாய்த்திருந்தான். அவனுக்குச் சொல்ல வேண்டியதையும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தாராளமாகப் போங்கள். போவதற்கு முன்னால் யூடியூபில் "பத்தே நிமிடத்தில் முதல் பாகம்" என்று கத்துகிற வீடியோ எதையும் மட்டும் திறக்காதீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோவையில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டு விடுதியில் இருந்தேன். தாராபுரம் பக்கம் ஒரு கிராமம், பத்தாவது வரை தமிழ் மீடியம். என் அறைத்தோழன் கான்வென்டில் படித்துவிட்டு வந்தவன். டெர்மினேட்டர் 2 அமெரிக்காவில் 1991 ஜூலையில் வந்து, ஆற அமர எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. விடுதியே கிளம்பியது. நானும் சட்டையை மாட்டினேன். "உனக்கு இங்கிலீஷும் புரியாது, முன்கதையும் தெரியாது. பேசாம ஏதாவது தமிழ்ப் படத்துக்குப் போ" என்றான். எல்லார் முன்னாலும் சொன்னான். வைராக்கியத்துக்காகவே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1984-இல் வந்த முதல் பாகத்தில் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெக்கர்தான் வில்லன். எதிர்காலத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொல்ல வரும் இயந்திரம். இது எனக்குத் தெரியாது. கூட வந்தவர்களுக்குத் தெரியும். அதோடு, இந்த முறை அவர் நல்லவர் என்பதும் எங்கோ பத்திரிகையில் படித்து அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அவர் திரையில் வந்ததும் விசில். எனக்கு முன்னால் நடந்தது வேறு படம். ஒரு மலை மாதிரி ஆள் உடம்பில் துணியில்லாமல் வருகிறான், மதுக்கடையில் புகுந்து நாலு பேரை அடித்து நொறுக்கி உடையையும் பைக்கையும் பிடுங்கிக்கொள்கிறான். அப்புறம் ஒல்லியாக ஒருவன், போலீஸ் உடுப்பில். ஒரு வீட்டுக் கதவைத் தட்டி மரியாதையாகப் பேசுகிறான், அந்த வீட்டுப் பையனின் போட்டோவைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். அவன் ஒரு போலீஸ்காரனை அடித்துவிட்டுத்தான் அந்தக் காரை எடுத்தான் என்பதைப் பார்த்தேன்தான். இருந்தாலும் முகத்தைப் பார்த்தால் அந்தப் பையனைக் காப்பாற்ற வந்தவன் மாதிரிதான் இருந்தது. நான் ஒல்லியானவன் கட்சி.

ஷாப்பிங் மாலின் பின்புற நடைவழிக் காட்சி வந்தது. ஒரு முனையில் அர்னால்ட், கையில் நீளமான ரோஜாப்பூப் பெட்டி. பெட்டியைத் திறக்கிறார், உள்ளேயிருந்து துப்பாக்கி வருகிறது, பூக்கள் கீழே கொட்டுகின்றன, அதை மிதித்துக்கொண்டே நடக்கிறார். மறுமுனையில் போலீஸ்காரன். நடுவில் அந்தப் பையன். முடிந்தது கதை என்று நினைத்தேன். அர்னால்ட் பையனைக் குனியச் சொல்லிவிட்டுப் பின்னால் இருந்த போலீஸ்காரனைச் சுட்டார். அப்புறம் பையனைத் தன் உடம்போடு அணைத்துத் திரும்பி நின்று, எதிரியின் குண்டுகளை முதுகில் வாங்கினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அடங்குவதற்குள் கீழே விழுந்த போலீஸ்காரன் எழுந்துவிட்டான். நெஞ்சில் குண்டு பட்ட ஓட்டைகள் வெள்ளி நிறத்தில் தாமாக மூடிக்கொள்கின்றன. சுற்றியிருந்தவர்கள் சிரித்துக்கொண்டு பார்த்தார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

இதற்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் எழுதியதே அப்படித்தான். யார் கொல்ல வந்தவன், யார் காக்க வந்தவன் என்பதை அந்த நடைவழி வரைக்கும் படம் வாயைத் திறந்து சொல்வதில்லை. ஆனால் விளம்பர டிரெய்லரிலேயே அர்னால்ட் இந்த முறை நல்லவர் என்று போட்டு உடைத்துவிட்டார்கள். ஏறக்குறைய 10 கோடி டாலர் செலவு, அன்றைக்கு உலகத்திலேயே அதிகச் செலவில் எடுத்த படம். அதில் பொத்திப் பொத்தி வைத்த ரகசியத்தை அவர்களே டிக்கெட் விற்பதற்காக வெளியே விட்டுவிட்டார்கள். டிரெய்லரும் பார்க்காத, முதல் பாகமும் பார்க்காத எனக்குத்தான் அது முழுசாகக் கிடைத்தது.

"வசனம் புரியாமல் என்ன பார்த்தாய்?" என்று கமெண்டில் கேட்க ஆள் வருவார்கள், தெரியும். வரட்டும். பாதி வசனம் எனக்கு ஓடவில்லைதான். ஆனால் அந்தப் போன் காட்சி? பையன் வளர்ப்பு அம்மாவிடம் போனில் பேசுகிறான், பின்னால் நாய் விடாமல் குரைக்கிறது. அர்னால்ட் ரிசீவரை வாங்கி, பையனின் குரலிலேயே, நாய்க்கு இல்லாத ஒரு பெயரைச் சொல்லி அதற்கு என்ன ஆச்சு என்று கேட்கிறார். அந்தம்மா அது நன்றாக இருக்கிறது என்கிறாள். வீட்டில் இருப்பது அந்தம்மா இல்லை, அவள் உருவத்தை எடுத்துக்கொண்ட அந்தப் போலீஸ்காரன் என்று அப்போதே பிடிபட்டுவிட்டது. அடுத்த நொடி அவளுடைய கை கத்தியாக நீண்டு, புருஷன் குடித்துக்கொண்டிருந்த பால் அட்டைப்பெட்டியைத் துளைத்துக்கொண்டு வாய்க்குள் போயிருக்கிறது. பால் ஒழுகுகிறது. கான்வென்ட் நண்பன் என் பக்கம் சாய்ந்து, "நாய் பேரை எதுக்குடா மாத்திக் கேட்டான்?" என்றான். கதை விடுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான்தான் அவனுக்கு விளக்கினேன்.

இன்னொன்று, மனநல மருத்துவமனைக் காட்சி. காவலாளி மெஷினில் காபி பிடித்துக்கொண்டிருக்கிறான். அவன் நடந்து வந்த கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை மெல்ல எழும்புகிறது. கட்டங்கள் அப்படியே மனித உருவத்தில் நெளிந்து, அவனுடைய முகமாகவே ஆகிவிடுகின்றன. திரும்பினால் எதிரே அவனே நிற்கிறான். இதில் வேடிக்கை என்னவென்றால், தரை எழும்புவது கம்ப்யூட்டர் வேலை, இரண்டு காவலாளிகள் நிற்பது வேலையே இல்லை. நிஜ இரட்டையர்களை நடிக்க வைத்துவிட்டார்கள். கதாநாயகி லிண்டா ஹாமில்டனுக்கும் இரட்டைச் சகோதரி உண்டு, கடைசிப் பகுதியில் அவரையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஊரே பேசிய அந்தப் போலீஸ்காரன், அதாவது நினைத்த உருவம் எடுக்கும் திரவ உலோக மனிதனுக்கான கம்ப்யூட்டர் வரைகலை மொத்தமே சில நிமிடம்தான். மீதியெல்லாம் பொம்மை, ஒப்பனை, ராபர்ட் பேட்ரிக் என்ற நடிகர் கண் இமைக்காமல் ஓடிய ஓட்டம். ஹெலிகாப்டர் பாலத்துக்கு அடியில் பறப்பதும் நிஜமாகவே பறந்ததுதான். இப்போது வருகிற படங்களில் இரண்டரை மணி நேரமும் கட்டடம் இடிகிறது, ஒரு செங்கல்கூட நம் மேல் விழுகிற மாதிரி இல்லை.

இழப்பே இல்லையா என்றால், இருக்கிறது. அதே மருத்துவமனையில் லிஃப்ட் கதவு திறந்து அர்னால்ட் வெளியே வருவார். அங்கிருந்து தப்பித்து ஓடிவரும் சாரா (பையனின் அம்மா, முதல் பாகத்தில் அவர் கொல்ல வந்த அதே பெண்) அவரைப் பார்த்ததும் கால் வழுக்கி விழுந்து, பின்பக்கமாகவே தவழ்ந்து ஓடுவாள். முதல் பாகம் பார்த்தவனுக்கு அந்தப் பயம் தன் பயம். எனக்கு அவள் பயமாக மட்டும்தான் இருந்தது. ஆனாலும் ஏன் அலறுகிறாள் என்று நான் முழிக்கவில்லை. சற்று முன்னால்தான் போலீஸ்காரர்கள் அவளிடம் 1984-ஆம் ஆண்டுப் போட்டோக்களைக் காட்டி, இதே ஆள் அன்றைக்குச் செய்த கொலைகளைச் சொல்லியிருப்பார்கள். என்னைப் போன்றவனுக்காகப் போட்ட காட்சி அது. தொழில் தெரிந்தவன் எழுதினால் வீட்டுப்பாடம் தேவைப்படாது. மேட் மேக்ஸ் 2 ஆஸ்திரேலியாவில் 1981-இல் வந்தது. அமெரிக்காவில் முதல் பாகத்தைப் பலர் பார்த்திருக்கவில்லை என்பதால், 2 என்ற எண்ணையே எடுத்துவிட்டு வேறு பெயரில் வெளியிட்டார்கள். படம் ஓடத்தான் செய்தது.

சம்பந்தமில்லாத ஒன்று, மன்னித்துவிடுங்கள், சொல்லாமல் போனால் தூக்கம் வராது. இங்கிலீஷ் படத்துக்கு இடைவேளையே கிடையாது. எங்கள் தியேட்டரில் அன்றைக்கு ஒரு ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியத்தின் நடுவில் வெட்டி, லைட்டைப் போட்டு, முறுக்குக்காரரை உள்ளே விட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இன்றைக்குத் தமிழ் டப்பிங் என்ற பெயரில் நடப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. உலகம் அழியப் போகிற நேரத்தில் வேற்றுக்கிரகத்துத் தளபதி "என்ன மச்சி, காண்டாயிட்டியா" என்கிறான். எங்களைப் போலத் தமிழ் மீடியத்தில் படித்து வருகிறவர்கள் கதையைத் தெரிந்துகொள்ள வருகிறோம் ஐயா, மிமிக்ரி பார்க்க இல்லை. நேராக, சாதாரணத் தமிழில் வசனம் எழுதினால் யார் அடிக்கப் போகிறார்கள்? மூலத்தில் சோகமாக இருக்கிற இடத்துக்கு எங்கள் ஊர்த் தியேட்டரில் கைதட்டிச் சிரிக்கிறார்கள். எனக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று வருகிறவர்கள் அந்த இரண்டு மொழியையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு வாருங்கள்.

சரி. முதல் பாகத்தைப் பின்னால் பார்த்தேன். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து, பக்கத்து வீட்டுப் பையன்களோடு. சுமார் 64 லட்சம் டாலரில் எடுத்த சின்னப் படம், இருட்டான படம், நல்ல படம். ஆனால் என் பாடு திண்டாட்டம். அர்னால்ட் ஆட்களைச் சுட்டுத்தள்ளிக்கொண்டே போகிறார், நான் எப்போது திருந்துவார் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷனையே காலி செய்த பிறகும் எனக்கு நம்பிக்கை போகவில்லை. வரிசையாகப் பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை கிடைக்க வாய்ப்பே இல்லை.

எல்லாப் படத்துக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். 2024-இல் வந்த டியூன் இரண்டாம் பாகம், முதல் பாகம் நின்ற இடத்திலேயே தொடங்குகிறது. அந்த மாதிரி என்றால் பார்த்துவிட்டே போங்கள், இல்லாவிட்டால் மணலைத் தவிர எதுவும் புரியாது. எந்திரன் பார்க்காமல் 2.0 போகலாமா என்றால் போகலாம், சிட்டி யார் என்று மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தப் படம் என்று கேள்வியில் போடவில்லை. எதுவானாலும் படம் போடுவதற்கு முன்பே சீட்டில் உட்கார்ந்துவிடுங்கள். பழைய கதையை முதல் ஐந்து நிமிடத்தில்தான் சொல்லித் தொலைப்பார்கள்.