வௌவால் வந்தால் புழு குறையுமா?

வௌவால் பறந்துகொண்டே பூச்சி பிடிப்பது. பயிரில் இருக்கும் புழுவை அது என்ன செய்துவிடும்?

புழுவை ஒன்றும் செய்யாது, அதன் தாயைத்தான் பிடிக்கும். ஒரு பெண் அந்துப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும், அதை முந்தின இரவே பிடித்துவிட்டால் கணக்கு அங்கேயே முடிந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மக்காச்சோள வயலில் இதைச் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். இரவில் மட்டும் வலை போட்டு வௌவாலைத் தடுத்து, பறவைகள் வர வேண்டும் என்று பகலில் எடுத்துவிட்டார்கள். வலை போட்ட இடத்தில் கதிர்ப்புழு ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதலாக இருந்தது, புழு கடித்த கதிரில் பூஞ்சையும் அதன் நச்சும் அதிகமாகிவிட்டன. எனக்கு முதல் கணக்கைவிட இந்த இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது.

ஒரு மணி நேரத்தில் ஆயிரம் கொசு தின்னுமாமே?

அதை அப்படியே நம்ப வேண்டாம். அறைக்குள் பூச்சிகளை விட்டு, சில நிமிடங்களில் பிடித்ததை வைத்து, மணிக்கணக்குக்குப் பெருக்கிச் சொன்னது அது. வெளியில் கொழுத்த அந்துப்பூச்சியும் வண்டும் கிடைக்கும்போது பல இனங்கள் கொசுவின் பின்னால் அலைவதில்லை. ஆனால் பசி பெரியதுதான், பாலூட்டும் தாய் ஓர் இரவில் தன் எடையில் பாதிக்கு மேலேயே தின்றுவிடும்.

வௌவால் தங்கப் பெட்டி செய்து மாட்டினால் வருமா?

வரலாம், வராமலும் போகலாம். ஸ்பெயினில் எப்ரோ ஆற்றின் கழிமுக நெல்வயல்களில் பெட்டி வைத்து, தண்டுத்துளைப்பானைக் கட்டுக்குள் கொண்டுவர வௌவாலைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அடியில் வாசல், உள்ளே பிடித்துத் தொங்கச் சொரசொரப்பான பலகை, பலகைகளுக்கு நடுவே இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி, ஆள் உயரத்துக்கு இருமடங்கு மேலே, முன்னால் கிளை மறைக்காமல் மாட்டுங்கள். நல்ல வெயில் அடிக்கும் இடமென்றால் நிழல் பார்த்து வையுங்கள், குட்டிகள் சூட்டில் செத்துவிடும். பெரும்பாலான இனங்கள் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும், அதனால் பொறுமை வேண்டும். ஏற்கெனவே பொந்துள்ள பழைய மரம் நின்றால் அதை வெட்டாமல் விடுவது பெட்டியைவிட மேல்.

அப்படியென்றால் மருந்தையே நிறுத்திவிடலாமா?

கூடாது. பூச்சி பெருகிவிட்ட பிறகு வௌவால் வந்து காப்பாற்றாது. குறைக்கலாம், அவ்வளவுதான். கண்ட பூச்சியையும் கொல்லும் மருந்தை அடித்தால் அதன் இரை போய்விடும், மருந்து பட்ட பூச்சியைத் தின்று அதுவும் சாகக்கூடும்.

எச்சத்தை உரமாகப் போடலாமா?

தழைச்சத்து நிறைய உண்டு, போடலாம். காய்ந்த எச்சத்தைக் கிளறும்போது முகக்கவசம் கட்டாயம், அதில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை இருக்கக்கூடும். அப்புறம், கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறும் கையால் தொடாதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள், வெறிநோய் விஷயத்தில் காத்திருக்கக் கூடாது.