‘நாங்கள்’ என்பதா, ‘நாம்’ என்பதா? – இறையியல் மாணவர் கேள்வி பதில்

இறையியல் படிக்க நினைப்பவர்களும், படித்துக்கொண்டிருப்பவர்களும், அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

பி.காம். முடித்திருக்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஆயராக வேண்டும் என்பது விருப்பம். ஆங்கிலம் அவ்வளவாக வராது. எந்தக் கல்லூரிக்கு முதலில் விண்ணப்பிக்கலாம்?
– வாசகர், சாயர்புரம்

கல்லூரிக்கு முன்னால் உங்கள் சேகர (சில சபைகள் சேர்ந்த பிரிவு) ஆயரைப் போய்ப் பாருங்கள் தம்பி. கல்லூரி பட்டம்தான் தரும். அபிஷேகம் செய்து ஆயராக்குவது, பல சேகரங்களைக் கொண்ட திருமண்டலம். சேகரத்தின் பரிந்துரைக் கடிதம், திருமண்டலத்தின் நேர்காணல், அதன் பிறகு கல்லூரியின் நுழைவுத் தேர்வு என்ற வரிசையில் போனால் குழப்பம் இராது. ஞானஸ்நானம், திடப்படுத்தல் சான்றுகளை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். பழைய சபைப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயரும் இருந்தால் திருத்தி வாங்க நாளாகும்.

சொந்தச் செலவில் சேர்ந்து படித்துவிட்டு, “பட்டம் இருக்கிறதே, திருமண்டலம் எடுத்துக்கொள்ளாதா” என்று பிறகு காத்திருப்பவர்கள் உண்டு. எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் திருமண்டலத்துக்கு இல்லை. இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

பட்டதாரிக்கு, பல இறையியல் கல்லூரிகளின் மாணவர்களுக்குப் பட்டம் வழங்கும் செராம்பூர் செனட்டின் பி.டி. (இறையியல் இளநிலை) படிப்பு 4 ஆண்டு. மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தமிழிலேயே படிக்கலாம். சென்னை குருகுல், பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி ஆகியவற்றில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழில் படித்தாலும் விரிவுரை நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆகவே தினமும் இரண்டு பக்கம் ஆங்கிலம் வாசித்து, அதன் சாரத்தைத் தமிழில் ஐந்து வரியாக எழுதும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். படிப்பு முடியும்வரை அது கைகொடுக்கும்.

அஞ்சல் வழியில் ஆறே மாதத்தில் இறையியல் ‘டாக்டர்’ பட்டம் என்று விளம்பரம் வருகிறது. ஊழியத்தில் இருக்கும் நான் சேரலாமா?
– ஊழியர், ஓசூர்

வேண்டாம். முறையான வழி என்றால் பி.டி., அதன்மேல் எம்.டிஎச். (இறையியல் முதுநிலை), அதன்மேல்தான் பல ஆண்டு ஆய்வு. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை வரையறுத்திருக்கிறது. பதிவு பெற்ற அறக்கட்டளை என்பதால் மட்டும் ஒரு நிறுவனம் பட்டம் தந்துவிட முடியாது. செராம்பூரின் உரிமைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. மிஷனரிகளான கேரியும் மார்ஷ்மனும் வார்டும், அப்போது டென்மார்க்கின் ஆளுகையில் இருந்த செராம்பூரில் 1818-இல் தொடங்கிய கல்லூரிக்கு டென்மார்க் மன்னர் 1827-இல் சாசனம் வழங்கினார். 1918-இல் வங்காளச் சட்டம் ஒன்று அதை உறுதிப்படுத்தியது. ஆசிய இறையியல் கழகத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளும் இருக்கின்றன. அது கல்வித் தரத்துக்குச் சபை உலகம் தரும் அங்கீகாரம், அரசு அங்கீகாரம் அல்ல. எந்தப் பட்டமானாலும் பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். மேற்படிப்புக்கு நீங்கள் போக விரும்பும் கல்லூரிக்கு எழுதி, “இந்தப் பட்டத்தை ஏற்பீர்களா” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஊழியத்தை விடாமல் படிக்க நேரான வழி இருக்கிறது. செராம்பூர் செனட்டே வெளிவாரியாக பி.சி.எஸ். (கிறிஸ்தவ ஆய்வு இளநிலை) படிப்பை நடத்துகிறது. ஆயராகும் நோக்கமின்றிக் கிறிஸ்தவத்தை ஆய்வுத் துறையாகக் கற்க விரும்பினால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தவ ஆய்வுத் துறை இருக்கிறது.

முதலாண்டு மாணவி. கிரேக்கம் மலையாகத் தெரிகிறது. தமிழ் வேதாகமம் கையில் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு? எப்படித்தான் படிப்பது?
– மாணவி, மதுரை

எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மாற்கு 4:38-ஐத் திறந்துகொள்ளுங்கள். படகில் தண்ணீர் ஏறுகிறது, இயேசு தூங்குகிறார். “போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா” என்று சீஷர்கள் எழுப்புகிறார்கள். புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் ‘நாங்கள்’, ‘நாம்’ என்ற வேறுபாடு கிடையாது. ஒரே வடிவம்தான். தமிழில் இரண்டில் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். ‘நாங்கள்’ என்றால் மூழ்கப்போவது சீஷர்கள் மட்டும், அவர் தப்பிவிடுவார் என்று அவர்கள் நம்பியதாக ஆகிறது. ‘நாம்’ என்றால் அவரும் சேர்ந்து மூழ்குவார் என்று பயந்தார்கள் என்றாகிறது. இவ்வளவு பெரிய இறையியல் முடிவை மொழிபெயர்ப்பாளர் ஒரு பிரதிப்பெயரில் எடுத்துவிட்டார். தமிழை மட்டும் வாசிக்கிறவருக்கு அங்கே ஒரு முடிவு எடுக்கப்பட்டது என்பதே தெரியாது. கிரேக்கம் உங்களுக்குத் தருவது அந்தக் கண்ணைத்தான். தமிழ் ஆங்கிலம் போன்ற மொழியினருக்கு இல்லாத ஒரு வசதியையும் தருகிறது: ‘ஆதிமுதல் இருந்ததும், நாங்கள் கேட்டதும்’ என்று தொடங்கும் 1 யோவான் முதல் அதிகாரம் ‘நாமும் ஒளியிலே நடந்தால்’ என்று மாறும் இடம் நம் மொழியில் பளிச்சென்று தெரியும்.

இனி எப்படி என்பது. கிரேக்கச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். மாணவர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான். பீட்டாவும் பையும் தமிழில் ‘ப’ ஆகிவிடும். டெல்டாவும் டௌவும், காமாவும் காப்பாவும் இப்படியே ஒன்றாகும். இரண்டாம் மாதம் அகராதியைத் திறந்தால் சொல் எந்த எழுத்தின் கீழ் இருக்கிறது என்றே தெரியாது. 24 எழுத்துகளையும் முதல் வாரத்திலேயே கையெழுத்தாக எழுதிப் பழகுங்கள். மூச்சுக்குறியை அலட்சியம் செய்ய வேண்டாம். ‘என்’ என்றால் ‘உள்ளே’, ‘ஹென்’ என்றால் ‘ஒன்று’. இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. மேலே இருக்கும் கொம்பு எந்தப் பக்கம் வளைகிறது என்பதை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய 5,400 வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. எண்ணிக்கையைக் கண்டு மலைக்காதீர்கள். 50 தடவைக்கு மேல் வரும் சொற்கள் சுமார் 310தான். அவற்றை மட்டும் அறிந்தாலே ஒரு பக்கத்தில் ஐந்தில் நான்கு பங்கு சொற்கள் அறிமுகமாகிவிடும். இரண்டு பருவத்துக்கு 30 வாரம் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்குப் பத்துப் பதினொரு சொல். சனிக்கிழமை ஒரே மூச்சில் பத்தையும் படிப்பதைவிட நாளைக்கு இரண்டாகப் படித்து, முந்தைய வாரச் சொற்களையும் சேர்த்துச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

இலக்கணத்தில் நீங்கள் பயப்பட வேண்டியதே இல்லை. வேற்றுமை உருபு என்றால் என்ன என்று ஆங்கிலவழி மாணவருக்கு விளக்கவே இரண்டு வகுப்பு ஆகும். எட்டு வேற்றுமையைப் பள்ளியில் படித்த உங்களுக்குக் கிரேக்கத்தின் ஐந்து பெரிதல்ல. முதலில் 1 யோவானை வாசியுங்கள், பிறகு யோவான் நற்செய்தி. லூக்காவையும் எபிரெயரையும் கடைசிக்கு வையுங்கள்.

யோவான் 21:15–17 பற்றிய கட்டுரையில், ‘அகபே’ தெய்வீக அன்பு, ‘ஃபிலியா’ வெறும் நட்பு, ஆகவே பேதுரு ஒரு படி கீழான அன்பைத்தான் சொன்னான் என்று எழுதினேன். பேராசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். பல பிரசங்கங்களில் கேட்டதைத்தானே எழுதினேன்?
– மாணவர், நாகர்கோவில்

பிரசங்கத்தில் கேட்டதுதான் சிக்கல். தம்மேல் அன்பு உண்டா என்று இயேசு பேதுருவிடம் மூன்று தடவை கேட்கும் அந்தப் பகுதியில் சொல் மாறுவது உண்மை. நம் பழைய மொழிபெயர்ப்பும் “அன்பாயிருக்கிறாயா” என்ற கேள்விக்கு “நேசிக்கிறேன்” என்று பதில் வைத்து அதைக் காட்டுகிறது. ஆனால் சொல் மாறினால் பொருளும் ஒரு படி இறங்குகிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும். யோவானே பிதா குமாரனிடத்தில் அன்பாயிருப்பதை 3:35-இல் அகபாவோ (அகபேயின் வினை) என்றும் 5:20-இல் ஃபிலேயோ (ஃபிலியாவின் வினை) என்றும் எழுதுகிறார். பிதாவின் அன்பு அங்கே குறைந்துபோயிற்று என்று யாரும் சொல்ல மாட்டோம். 2 தீமோத்தேயு 4:10-இல் தேமா இந்த உலகத்தின்மேல் வைத்த ஆசைக்கும் அகபாவோதான். 2 சாமுவேல் 13-இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் அம்னோன் தாமாரின்மேல் கொண்ட இச்சைக்குக்கூட அதே சொல். யோவான் 21-இன் அதே மூன்று வசனங்களில் ‘மேய்’ என்பதற்கு இரண்டு வினைகளும், ஆட்டுக்கு இரண்டு பெயர்களும் மாறி மாறி வருகின்றன. அவற்றுக்கெல்லாம் நீங்கள் படிநிலை வகுக்கவில்லை. ஒரே ஒரு ஜோடியை மட்டும் எடுத்ததைத்தான் பேராசிரியர் கேட்டிருப்பார். அவர் கேட்டது நியாயம்.

அடுத்த கட்டுரைக்கு வேலை வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நீங்களே எல்லை போடுங்கள். அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது, புதிய ஏற்பாட்டின் வசன எண் 1551-இல் வந்தது. அவை உங்களைக் கட்டுப்படுத்தாது. பிறகு சொந்தமாக ஒரு மொழிபெயர்ப்பு, எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் சரி. அதைப் பழைய மொழிபெயர்ப்போடும் 1995-இல் வந்த திருவிவிலியத்தோடும் அருகருகே வைத்து, வேறுபடும் இடங்களைக் கோடிடுங்கள். உங்கள் கேள்விகள் அந்தக் கோடுகளில்தான் கிடைக்கும். சொல்லாய்வை அதே ஆசிரியரின் நூலிலிருந்து தொடங்கி வெளியே போங்கள். விளக்கவுரை நூல்களைக் கடைசியில் திறவுங்கள். முதலிலேயே திறந்தால் விளக்கவுரையாளர் கேட்ட கேள்வியே உங்கள் கேள்வியாகிவிடும், வசனத்தை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

1 யோவான் 5:7 ‘மூலத்தில் இல்லை’ என்று வகுப்பில் சொன்னார்களாம். விடுமுறைக்கு வந்த மகன் சொன்னான். விசுவாசத்தை இழந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தகப்பனார், பாளையங்கோட்டை

ஐயா, உங்கள் பயம் எங்களுக்குப் புரிகிறது. மகன் வீட்டில் வந்து சொன்னது நல்லது. பேசுவதற்கு இடம் இருக்கிறது என்று அவன் நம்புகிறான்.

“பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்” என்ற வரி தொடக்கக்காலக் கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இல்லை. லத்தீன் மரபில் வளர்ந்து பிறகு கிரேக்க அச்சுக்குள் வந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் பதிப்பித்த எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை, 1522-இல் சேர்த்தார். அந்த வழியில் வந்த பாடத்திலிருந்து நம் பழைய மொழிபெயர்ப்புக்கும் வந்தது. உ.வே.சா. ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்துப் பதிப்பித்தாரே, அதே உழைப்புதான் இது. சுவடிகளை ஒப்பிட்டதால் சிந்தாமணி தேய்ந்துபோகவில்லை, துலங்கியது.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவ உபதேசம் அந்த ஒரு வரியில் தொங்கவில்லை. மத்தேயு 28:19-உம் 2 கொரிந்தியர் 13:14-உம் உங்கள் வேதாகமத்தில் இருக்கின்றன. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டில் வேதாகமம் தேர்வுப் பொருளாக மட்டும் ஆகிவிடலாம், தனி ஜெபம் நின்றுவிடலாம். அடுத்த விடுமுறையில் அவனிடம் வகுப்பைப் பற்றிக் கேளுங்கள், சண்டைக்கு இழுக்காமல் கேளுங்கள். குடும்ப ஜெபத்தில் ஒரு சங்கீதத்தை எடுத்து, படித்ததை வைத்து வீட்டாருக்கு விளங்கும்படி ஐந்து நிமிடம் சொல்லச் சொல்லுங்கள். பாட்டிக்குப் புரியவில்லை என்றால் இன்னொரு தடவை சொல்லட்டும்.