கூப்பிட்டது இந்தப் பக்கம், திரும்பியது அந்தப் பக்கம்

கேள்வி: எனக்கு 51 வயது. மூன்று மாதமாக, இடப்பக்கம் நின்று மகள் கூப்பிட்டாலும் வலப்பக்கம்தான் திரும்பிப் பார்க்கிறேன். செல்போன் அடித்தால் எந்த அறையில் என்று தெரியாமல் அலைகிறேன். ஆனால் பேசுவது நன்றாகவே கேட்கிறது. மூளையில் கோளாறா, டாக்டர்?

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள். போனை எந்தக் காதில் வைத்துப் பேசுகிறீர்கள்? முன்பு இடது, இப்போது உங்களை அறியாமலே வலது என்றால் பாதி விடை கிடைத்தாயிற்று. என் சந்தேகம் மூளை மேல் அல்ல, உங்கள் இடது காது மேல்.

ஒலி எங்கிருந்து வருகிறது என்று எந்த ஒற்றைக் காதும் நேராகச் சொல்லிவிடாது. இரண்டையும் ஒப்பிட்டு மூளை கணக்குப் போடுகிறது. இடப்பக்கத்துச் சத்தம் இடது காதுக்கு முதலில் வரும், கொஞ்சம் உரக்கவும் கேட்கும். அந்த நேர வித்தியாசம் அதிகபட்சமே நொடியில் 1,500-ல் ஒரு பங்கு அளவுதான். நல்ல காதுகள் இருந்தால், நொடியில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட மூளைத்தண்டு பிடித்துவிடும். எத்தனை வருடம் படித்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

நடுமூளையின் பின்புறம் நான்கு குட்டி மேடுகள் இருக்கின்றன. கீழிரண்டும் காதிலிருந்து வரும் தகவலை வாங்கிக்கொள்ளும். மேலிரண்டில், கண் பார்க்கும் இடமும் காது கேட்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திய வரைபடம் மாதிரி பதிவாகியிருக்கிறது. அதில் ஒரு புள்ளி விழித்தால் கண்ணுக்கும் கழுத்துத் தசைகளுக்கும் உத்தரவு போய்விடும். ‘யார் கூப்பிட்டது?’ என்று நீங்கள் யோசிப்பதற்குள் தலை திரும்பியிருக்கும். பிறந்து சில நாளே ஆன குழந்தைகூடக் கிலுகிலுப்பைச் சத்தம் வரும் பக்கம் மெதுவாகத் தலையைத் திருப்பும்.

சத்தம் முன்னாலா பின்னாலா என்பதில் குழப்பம் வந்தால், தலையை லேசாக அசைத்ததும் தெளிந்துவிடும். கேட்பதால் திரும்புகிறோம், திரும்புவதால் இன்னும் சரியாகக் கேட்கிறோம்.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். இடது காது மந்தமானால் வலதில்தான் சத்தம் உரக்க விழும். ‘வலப்பக்கம்’ என்று முடிவு கட்டி மூளை கழுத்தைத் திருப்பிவிடும். கணக்கு சரி, வந்து சேர்ந்த எண்தான் தப்பு. அமைதியான அறையில் எதிரே உட்கார்ந்து பேச ஒரு காதே போதும் என்பதால் குறை வெளியே தெரியாது.

காரணம் வெறும் குறும்பி அடைப்பாக இருக்கலாம், நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம், உள்காது நரம்பு பலவீனமாகவும் இருக்கலாம். காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டி ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) எடுங்கள். நரம்புக் குறை ஒரு பக்கம் மட்டும் என்று தெரிந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். கேட்பு நரம்பில் சின்னக் கட்டி இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது, பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அதுவரை பட்ஸ் போட்டுக் குடைய வேண்டாம், எண்ணெயும் விட வேண்டாம். சாலையைக் கடக்கும்போது காதை நம்பாமல் இருபுறமும் பார்த்துக் கடங்கள்.

ஒரு நாளில், அல்லது ஓரிரு நாளில் ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் அன்றைக்கே போய்விடுங்கள். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். முகம் கோணுவது, தள்ளாட்டம், பேச்சுக் குளறல் சேர்ந்து வந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு.

அப்புறம், அடைப்பை எடுத்த பிறகும் சில நாள் திசை தப்பினால் பதற வேண்டாம். கூகை என்ற ஆந்தையின் குஞ்சுகளுக்கு ஒரு காதை அடைத்து வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். சில வாரத்தில் அவை பழகி, சத்தத்தின் பக்கமே சரியாகத் திரும்பின. அடைப்பை எடுத்ததும் எதிர்ப்பக்கமாகத் தப்பின! பிறகு அதுவும் சரியானது. உங்கள் மூளையும் இந்த மூன்று மாதத்தில் புதுக் கணக்குக்குக் கொஞ்சம் பழகியிருக்கும். பழையதற்குத் திரும்ப அவகாசம் கொடுங்கள்.