பொங்கலுக்குக் கைக்குழந்தையோடு ஊருக்கு: கேள்வி பதில்

பிரசவ வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான், இப்போது இருப்பது திருமங்கலம் பக்கம். பொங்கல் லீவுக்குப் பச்சைப்பிள்ளையோடு மதுரைப் பக்கம் வருகிறவர்கள் கேட்டவற்றுக்கு இதோ பதில்.

அக்கா, சென்னையில் இருக்கிறோம், பிள்ளைக்கு ஒன்றரை மாதம். மாமியார் வீடு அலங்காநல்லூர். வரலாமா?

வரலாம்மா. பகலில் வைகை ரயிலில் டிக்கெட் கிடைத்தால் யோசிக்காதே, பஸ்ஸில் நினைத்த நேரத்துக்கு எழுந்து நிற்கவோ துணி மாற்றவோ முடியாது. 6 வாரத் தடுப்பூசியைப் போட்டுவிட்டு வா, ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாள் போடாதே, அந்த ஊசிக்கு ஒன்றிரண்டு நாள் காய்ச்சல் வருவது சகஜம், அதை ரயிலில் வைத்துச் சமாளிக்க முடியாது. அப்புறம் காணும் பொங்கலன்று உங்கள் ஊரில் ஜல்லிக்கட்டு. வீடு வாடிவாசல் பக்கம் என்றால் அன்றைக்கு மட்டும் மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் இருங்கள், முதல் நாள் சாயங்காலமே கிளம்பிவிடுங்கள், விடிந்தால் வண்டி நகராது.

வருகிறவர்கள் எல்லாரும் பிள்ளையை வாங்கி முத்தம் கொடுக்கிறார்கள். சொன்னால் "பெரிய டாக்டரம்மா" என்கிறார்கள்.

இதை நீ சொல்லாதே, உன் வீட்டுக்காரர் சொல்லட்டும். அவர் பக்கத்து அத்தை, சித்தப்பா எல்லாருக்கும் அவர்தான் வாய் திறக்க வேண்டும், உன் பக்கத்துக்கு நீ. மருமகள் சொன்னால் திமிர், மகன் சொன்னால் அக்கறை, நம் ஊர் நியாயம் அப்படி. விஷயம் என்னவென்றால், பெரியவர்களுக்கு வெறும் சளியாக வருவது 2 மாதப் பிள்ளைக்கு மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும், உதட்டில் கொப்புளம் இருக்கிறவர் முத்தம் கொடுத்தால் அந்தக் கிருமி மூளைவரை போகலாம். கை கழுவிவிட்டுத் தூக்கட்டும், காலைத் தொட்டுக் கொஞ்சட்டும், முகம் வேண்டாம். இருமல் இருக்கிறவர் வாசலில் நின்று பார்த்தால் போதும், தாய்மாமனாகவே இருந்தாலும்.

அப்பத்தா சங்கில் கழுதைப்பால் கொடுக்கச் சொல்கிறார். தெருவிலேயே கொண்டுவருகிறார்கள்.

வேண்டாம். தேன், சீனித்தண்ணீர், வசம்பு உரசிப் போடுவது எதுவும் வேண்டாம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூடத் தேவையில்லை. தேனில் இருக்கும் ஒரு கிருமி ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளையின் தசைகளைத் தளரவைத்துவிடும். அப்பத்தா மனம் கோணக்கூடாது என்றால் பெயர் வைக்கும் வேலையை அவரிடம் கொடுங்கள்.

அம்மாச்சி குளிப்பாட்டுவது சரியா தவறா?

காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு, பதமான வெந்நீர் ஊற்றும் அந்தக் கை எனக்கே வராது, தாராளமாகச் செய்யட்டும். மூக்கில் ஊதுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரல் விடுவது மட்டும் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. சாம்பிராணிப் புகையும் வேண்டாம், தலையைத் துவட்டினால் போதும். போகியன்று விடியற்காலையில் தெருவே புகையாக இருக்கும், ஜன்னலைச் சாத்தி உள் அறையில் படுக்க வையுங்கள்.

வீடு நிறைய ஆள், பால் கொடுக்கவே இடமில்லை.

ஒரு அறை உனக்கு, அதில் கறாராக இரு. பச்சை உடம்புக்காரி அடுப்படியில் நின்று இருபது பேருக்குத் தோசை வார்க்க வேண்டியதில்லை. ஆளாளுக்குப் பிள்ளையை வாங்கிக்கொண்டே இருந்தால் அது பசியில் வாய் தேடுவது யாருக்கும் தெரியாது, அழுத பிறகுதான் உன்னிடம் வரும். 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை நீயே போய் வாங்கிக்கொள்.

ராத்திரியில் உடம்பு சுட்டால் காலைவரை பார்க்கலாமா?

3 மாதத்துக்குள் என்றால் பார்க்கக்கூடாது. தெர்மாமீட்டரில் 100.4 காட்டினால் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், லீவு நாள் என்று தயங்காதீர்கள், நீங்களாகச் சொட்டு மருந்தும் கொடுக்காதீர்கள். பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, காய்ச்சலே இல்லாவிட்டாலும் 108ஐக் கூப்பிடுங்கள். ஊருக்கு வந்ததும் பக்கத்தில் 24 மணி நேரமும் குழந்தை டாக்டர் இருக்கிற இடம் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை பெற்றவள் காணும் பொங்கலன்று கறிக்குழம்பு சாப்பிடலாமா? பத்தியம் என்கிறார்கள்.

நன்றாகச் சாப்பிடு. ஈரலும் சாப்பிடு, ரத்தம் ஊறும். தாகம் எடுத்தால் தண்ணீர் குடி, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று யார் சொன்னாலும் சொம்பைக் கீழே வைக்காதே.