கட்டியின் ஜீனைப் பார்க்க மிச்ச விளையையும் விற்கணுமா?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வயது 58. ஹெபடைட்டிஸ் பி-யால் ஈரல் சுருங்கி, அதில் புற்றுக்கட்டியும் வந்து, ஐந்து மாதங்களுக்கு முன் ஈரல் மாற்று அறுவை நடந்தது. ஈரலில் ஒரு பங்கைக் கொடுத்தவர் இவரேதான். செலவுக்கு ரப்பர் விளையில் (தோட்டத்தில்) பாதி போய்விட்டது. இப்போது ஒரு ஆய்வுக்கூடத்தின் ஆள் வந்து, கட்டியின் ஜீனைப் பார்த்தால் புற்று திரும்புமா என்று சொல்லிவிடலாம் என்கிறாராம். செலவு லட்சம் ரூபாய்க்கு மேல். "மிச்ச விளையையும் விற்று இதைச் செய்யணுமா? புற்று திரும்ப வந்தால் அது நான் கொடுத்த ஈரலின் குற்றமா?"

இரண்டாவது கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரிகிறது. அதனால் அதை முதலில் முடித்துவிடுவோம். இல்லை, உங்கள் ஈரலின் குற்றம் இல்லை. அறுவைக்கு முன்பே அப்பாவின் கட்டியிலிருந்து பிரிந்து இரத்தத்தில் கலந்த செல்கள் எங்காவது ஒதுங்கியிருந்து பிறகு வளர்வதைத்தான் திரும்ப வருவது என்கிறோம். நுரையீரலிலோ எலும்பிலோ புது ஈரலிலோ வளரலாம். புது ஈரலில் வளர்ந்தாலும் அந்தச் செல்லின் மரபணு அப்பாவுடையதுதான். அவர்கள் சோதிக்கச் சொல்லும் ஜீன் மாற்றமும் கட்டிக்குள் மட்டும் ஏற்பட்டது. அது பரம்பரையாக உங்களுக்கு வந்திருக்கும் என்று அர்த்தமில்லை.

சரி, சோதனைக்கு வருவோம். ஆய்வுக்கூடத்து ஆள் சொன்னது முழுப் பொய்யில்லை. நம் செல்லில் ஒவ்வொரு மரபணுத் துண்டும் இரண்டு பிரதியாக இருக்கிறது. புற்றுச் செல் வளர வளர அதில் சிலவற்றைத் தொலைத்துவிடும். அதிகம் தொலைத்த கட்டிகள் மாற்று அறுவைக்குப் பிறகும் அதிகமாகத் திரும்புகின்றன என்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழு பல வருடங்களுக்கு முன்பே காட்டியது. டிபி53 என்ற ஜீன் கெட்டுப்போன கட்டிகளும் பொதுவாக முரட்டுத்தனமானவை. ஆனால் எல்லா ஜீனும் இப்படி உதவாது. டெர்ட் என்ற ஜீனில் வரும் மாற்றம் ஈரல் புற்றுகளில் ஏறக்குறைய பாதியில் இருக்கிறது. பாதிப் பேருக்கு இருக்கும் ஒன்றை வைத்து யாருக்குத் திரும்பும் என்று எப்படிப் பிரிப்பது? இந்தச் சோதனைகளில் எதுவும் இன்னும் வழக்கமான சிகிச்சை முறைக்குள் வரவில்லை.

உங்கள் கையில் ஏற்கெனவே இதைவிடப் பெரிய தகவல் இருக்கிறது. வெட்டி எடுத்த பழைய ஈரலின் பேத்தாலஜி அறிக்கை. அதற்கான காசை நீங்கள் கொடுத்தாயிற்று. மாற்று அறுவைக்குப் பிறகு புற்று திரும்பும் ஆபத்தைக் கணக்கிட ரிட்ரீட் என்ற மதிப்பெண் முறை 2017-இல் வந்தது. அதற்கு மூன்று விஷயங்கள் போதும்: அறுவை நேரத்து ஏஎஃப்பி (ஈரல் புற்றில் இரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம்) அளவு, நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் புற்றுச் செல் புகுந்திருந்ததா என்பது, கட்டிகளின் அளவும் எண்ணிக்கையும்.

நீங்கள் அனுப்பியதை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். ஏஎஃப்பி 40, அதற்கு 1. குழாய்க்குள் புகவில்லை, அதற்கு 0. கட்டி இரண்டு, பெரியது 2.8 செ.மீ.; எண்ணிக்கை 2-ஐயும் பெரியதின் அளவு 2.8-ஐயும் கூட்டினால் 4.8 வருகிறது, 5-க்குள் இருப்பதால் அதற்கும் 1. மொத்தம் 2. இந்த முறையில் 0 வாங்கியவர்களில் 5 வருடத்துக்குள் புற்று திரும்பியது 100-க்கு 3 பேருக்கும் குறைவு. 5-ம் அதற்கு மேலும் வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் திரும்பியது. அப்பா ஆபத்து குறைந்த பக்கத்தில்தான் இருக்கிறார். உங்கள் மருத்துவரிடம் காட்டி இந்தக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பேச்சுக்கு ஜீன் சோதனை செய்து 'ஆபத்து அதிகம்' என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன செய்வோம்? திரும்புவதைத் தடுக்கும் என்று நிரூபணமான மருந்து இன்று இல்லை. புது ஈரலை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் சிரோலிமஸ் மருந்து புற்று திரும்புவதையும் தடுக்குமா என்று 525 பேரிடம் சோதித்தார்கள். முதல் சில வருடங்கள் கொஞ்சம் பயன் தெரிந்தது, அப்புறம் அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிப் புற்றைத் தாக்கவைக்கும் இம்யூனோதெரபி என்றால் உடம்பு உங்கள் ஈரலையே எதிர்க்கத் தொடங்கும் அபாயம் இருக்கிறது. ஆக, மாறப்போவது ஸ்கேன் எடுக்கும் இடைவெளி மட்டும்தான். அதைத் தீர்மானிக்க மேலே போட்ட கணக்கே போதும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்தச் சோதனைக்காக விளையைத் தொடமாட்டேன்.

பிறகு தேவைப்பட்டால்? அப்பாவின் கட்டித் துண்டு மருத்துவமனையில் மெழுகில் பதித்து வைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து வருடங்கள் கழித்தும் சோதிக்கலாம். எத்தனை வருடம் வைத்திருப்பார்கள், கேட்டால் தருவார்களா என்று அடுத்த முறை போகும்போது விசாரித்து வையுங்கள். கட்டியைத் தொடாமல் இரத்தத்திலேயே பார்க்கலாம் என்று அந்த ஆள் சொன்னால் கூடுதல் கவனம் வேண்டும். புது ஈரலின் மரபணுத் துணுக்குகளும் அப்பாவின் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதாவது உங்களுடையவை. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஆய்வுக்கூடம் குழப்பத்தைத்தான் கையில் கொடுக்கும்.

அந்தக் காசு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் எடுக்கும் சிடி ஸ்கேனுக்கும் ஏஎஃப்பிக்கும் போகட்டும். திரும்புவதில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான். இந்த மதிப்பெண்ணுக்கு இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது அந்த முறையை வகுத்தவர்களின் யோசனை. உங்கள் மருத்துவர் இன்னும் அடிக்கடி எடுக்கச் சொன்னால் அதையே கேளுங்கள். ஹெபடைட்டிஸ் பி மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. நம் பக்கத்தில் ஈரல் என்றதுமே யாராவது ஒரு ஆசானின் (நாட்டு வைத்தியரின்) கஷாயத்தோடு வந்து நிற்பார்கள். புது ஈரலை உடம்பு நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவருக்கு எந்த மூலிகையும் மருத்துவருக்குத் தெரியாமல் வேண்டாம். பம்பளிமாஸும் வேண்டாம், அது இரத்தத்தில் அந்த மருந்தின் அளவை ஏற்றிவிடும்.

ஈரல் கொடுக்கும்போது உங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி இல்லை என்று பார்த்திருப்பார்கள். அம்மாவுக்கும் தங்கைக்கும் அப்பாவின் உடன்பிறந்தவர்களுக்கும் பார்த்தீர்களா? நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. எச்பிஎஸ்ஏஜி என்ற சாதாரண இரத்தப் பரிசோதனைதான். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எல்லோரையும் ஒருநாள் கூட்டிப்போங்கள். நோயும் இல்லை, எதிர்ப்பும் இல்லை என்று தெரிந்தவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடலாம்.