தாராவி சந்துகளுக்கு வெள்ள வரைபடம் போட்டால் மக்களுக்கு உதவுமா?
நிச்சயம் உதவும், ஆனால் மும்பை முழுவதையும் காட்டும் படம் போதாது. தன் சந்தும் குழாயடியும் கோயிலும் அதில் தெரிந்தால்தான் ஒருவர் நின்று பார்ப்பார். 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டியதே, அன்று தண்ணீர் எந்தச் சுவரில் எதுவரை ஏறியது என்று பெரியவர்களிடம் கேட்டு, முழங்கால், இடுப்பு, கழுத்து என மூன்று நிறத்தில் குறியுங்கள், மீட்டர் கணக்கு யார் மனதிலும் நிற்காது. அப்புறம் மூடியில்லாத மேன்ஹோல்கள், மின்பெட்டிகள், ஒதுங்க மேடான இடம். கடல் ஏற்றத்தின்போது, தாராவியை ஒட்டி ஓடும் மித்தி ஆறு மாகிம் பக்கம் கடலுக்குள் எளிதில் வடியாது, அதனால் மாநகராட்சி வெளியிடும் கடல் ஏற்றம் வரும் நேரங்களையும் ஓரத்தில் எழுதுங்கள். தமிழிலும் இந்தியிலும் எழுதி ரேஷன் கடையில் ஒட்டி, ஒவ்வொரு மே மாதமும் சந்து சந்தாக நடந்து பார்த்துத் திருத்துங்கள்.